அழித்தாலும் மூன்றே நாளில் திரும்பி வரும் எஞ்சின் லைட்டை எப்படிப் பிடிப்பது

என் காடி 2001ஆம் வருஷத்து டொயோட்டா எம்ஆர்-எஸ். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், கூரை மடங்கும், இரண்டே பேர்தான் உட்காரலாம், ஒரு மூட்டை அரிசி வாங்கினால் அதைப் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்து, பல கை மாறி, இப்போது செந்தூலில் என் வீட்டு வாசலில் நிற்கிறது.

ஒரு நாள் மீட்டரில் மஞ்சள் எஞ்சின் லைட் எரிந்தது. பட்டறையில் ஸ்கேன் போட்டார்கள், "ஓ2 சென்சர்" (எக்சாஸ்ட் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் என்று பார்ப்பது) என்றார்கள், அழித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கோம்பாக் டோல் தாண்டி, காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் மறுபடி எரிந்தது. சென்சர் மாற்றினேன். நான்கு நாள் நிம்மதி, அப்புறம் அதே இடம், அதே லைட். ப்ளக் மாற்றினேன், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கிற ஏர் ஃப்ளோ சென்சருக்கு ஸ்ப்ரே அடித்தேன், பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினேன். மொத்தம் ஐந்து தடவை அழித்து, ஐந்து தடவையும் திரும்ப வந்தது. கடைசியில் பார்த்தால் குற்றவாளி ஒரு ரப்பர் குழாயில் நகக்கீறல் நீளத்துக்கு இருந்த வெடிப்பு. சென்சருக்குக் கொடுத்த நானூறு சொச்சம் வெள்ளி போனது போனதுதான். நீங்களும் அதே சுற்றுப்பாதையில் போகாமலிருக்க, என்ன வரிசையில் பார்த்திருக்க வேண்டும் என்பதை எழுதி வைக்கிறேன். என் காடியை வைத்துத்தான் சொல்கிறேன், ஆனால் 1990களின் கடைசி, 2000களின் தொடக்கத்தில் வந்த எந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காடிக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒன்று. லைட் விட்டு விட்டு மின்னினால் இந்தக் கட்டுரையைப் படிக்காதீர்கள், ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். மின்னுகிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே எக்சாஸ்டுக்குள் போகிறது, அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பழுக்கக் காய்ச்சி உருக்கிவிடும். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற காடியில் அந்தச் சூடு உங்கள் முதுகுக்கு ரொம்பப் பக்கம். அதே மாதிரி சிவப்பு எண்ணெய் லைட், சூடு முள் ஏறுவது, இவையெல்லாம் வேறு கதை, உடனே நிறுத்த வேண்டிய கதை. இங்கே நான் பேசுவது அசையாமல் மஞ்சளாக எரிந்துகொண்டு, காடி ஓட்டத்தில் பெரிதாக வித்தியாசம் தெரியாமல், நம்மைப் பார்த்துச் சிரிக்கிற லைட்டைப் பற்றி.

சரி, ஏன் மூன்று நாள்? நான் முதலில் நினைத்தது, அழித்ததும் கோளாறு போய்விட்டது, பிறகு புதிதாக வந்தது என்று. அப்படி இல்லை. காற்றும் பெட்ரோலும் சேரும் கலவை சரியில்லை, கேட்டலிட்டிக் வேலை செய்யவில்லை என்கிற மாதிரியான கோளாறுகளை எஞ்சின் கம்ப்யூட்டர் முதல் தடவை பார்த்ததும் லைட் போடாது. மனசில் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதையே பார்த்தால்தான் லைட். தவிர, அழிக்கும்போது அது இத்தனை நாள் கற்றுவைத்த கலவைத் திருத்தங்களும் சேர்ந்து அழிந்துபோகும். பூஜ்யத்திலிருந்து மறுபடி கற்று, திருத்தி, எல்லையைத் தொட்டு, இரண்டு ஓட்டத்தில் உறுதி செய்து, பிறகு லைட். அதற்குத்தான் அந்த மூன்று நான்கு நாள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: கோளாறு தானாகச் சரியாகிவிட்டால், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் ஒன்றும் தென்படாதபோது லைட் தானே அணையும், கோட், அதாவது அந்தக் கோளாறுக்கான எண், மட்டும் நினைவில் இன்னும் கொஞ்ச காலம் தங்கும். அதனால் லைட் அணைந்துவிட்டது என்பது எதற்கும் சாட்சி இல்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டுவதும் ஒரு வைத்தியம் இல்லை, அது கம்ப்யூட்டருக்கு மறதி மருந்து கொடுக்கிற வேலை.

அடுத்தது, கோட் என்றால் என்ன என்பது. பி0171 என்று வந்தால் ‘கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு’ என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஓ2 சென்சர். புகார் கொடுத்தவனையே தூக்கி உள்ளே போடுகிற மாதிரிதான் பல பட்டறைகளில் முதல் வேலையாக அந்த சென்சரை மாற்றுகிறார்கள். சென்சர் கெட்டிருந்தால் அதற்குத் தனி கோட் உண்டு, உதாரணமாக ஹீட்டர் போனால் பி0135. அது வந்தால் ஒரு மல்டிமீட்டர் வைத்து ஹீட்டர் ஒயர் இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். இந்தக் காலத்து டொயோட்டா சாதாரண ஓ2 சென்சரில் எஞ்சின் ஆறியிருக்கும்போது 11 முதல் 16 ஓம் வரை காட்டும், நம்ம ஊர் சூட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பயமில்லை. முடிவில்லாத ஓம் காட்டினால் செத்துவிட்டது, மாற்றுங்கள். நான் இதைப் பார்க்காமலேயே மாற்றினேன். கழற்றிய பழையதை அப்புறம் அளந்தேன், 13.

கோட் படிப்பதில் ஜப்பான் உள்நாட்டுக் காடிக்கு ஒரு தலைவலி இருக்கிறது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் காடியும் ஓபிடி-2 என்கிற ஒரே பொது ஸ்கேன் மொழி பேச வேண்டும் என்று சட்டம், ஐரோப்பாவில் பெட்ரோல் காடிகளுக்கு 2001லிருந்து. ஜப்பான் உள்நாட்டுக்காகச் செய்த காடியில் ஸ்டீயரிங் அடியில் அதே 16 முனை சாக்கெட் இருக்கும், ஆனால் உள்ளே அதே மொழி பேசும் என்று உத்தரவாதம் இல்லை. நான் ஆன்லைனில் இருபது வெள்ளிக்கு வாங்கிய ஈஎல்எம்327 என்கிற புளூடூத் ஸ்கேன் அடாப்டர் ‘இணைக்கிறது, இணைக்கிறது’ என்று சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த விலைக்கு வரும் நகல்களில் பல, பழைய காடிகள் பேசுகிற ஐஎஸ்ஓ 9141 முறையைச் சரியாகப் பேசுவதில்லை. அதனால் உங்கள் அடாப்டர் ஒட்டவில்லை என்றால் காடியில் கம்ப்யூட்டர் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். ஜப்பான் டொயோட்டா என்று தனி மெனு இருக்கிற ஸ்கேனர் வைத்திருக்கும் ஃபோர்மனைத் தேடுங்கள், கிள்ளான் பள்ளத்தாக்கில் ரீகண்டிஷன் காடி பார்க்கிற பட்டறைகளில் இருக்கும்.

ஸ்கேனரே இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது, இது எனக்கு ரொம்பப் பிடித்த வழி. அந்தச் சாக்கெட்டை அகலமான வரிசை மேலே இருக்கும்படி நேராகப் பாருங்கள். மேல் வரிசையில் இடமிருந்து நான்காவது முனை, கீழ் வரிசையில் இடமிருந்து ஐந்தாவது முனை, அதாவது 4ம் 13ம். சாவி முழுதாக அணைந்திருக்கும்போது இரண்டையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்துவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். எஞ்சின் லைட் கண் சிமிட்டும். கோளாறு ஒன்றும் இல்லையென்றால் சீராக, வேகமாக மின்னிக்கொண்டே இருக்கும். இருந்தால் எண்ணிக்கையாகச் சொல்லும்: இரண்டு சிமிட்டு, சின்ன இடைவெளி, ஐந்து சிமிட்டு, அது 25. 25 என்றால் கலவையில் காற்று அதிகம், பி0171க்கு அண்ணன். ஏபிஎஸ் லைட்டும் ஏர்பேக் லைட்டும் சேர்ந்து மின்னும், குழம்ப வேண்டாம், அவை தங்கள் கதையைச் சொல்கின்றன. ஒரே எச்சரிக்கை: கீழ் வரிசையின் கடைசி முனை, 16, அதில் எப்போதும் நேரடி பேட்டரி கரண்ட் இருக்கும். அதைக் கொண்டுபோய் 4இல் சேர்த்தால் ஃபியூஸ் போகும், அதிர்ஷ்டம் கெட்டால் அதற்கு மேலும் போகும். கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இப்போது நான் ரொம்பத் தாமதமாகச் செய்த, ஆனால் முதலில் செய்திருக்க வேண்டிய வேலை. ஒரு 555 புத்தகம் வாங்குங்கள். அந்தக் காலத்தில் மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே குட்டிப் புத்தகம்தான். லைட் எரிந்த ஒவ்வொரு தடவையும் அடுத்த சிவப்பு விளக்கில் நின்று எழுதுங்கள்: எந்த இடம், ஸ்டார்ட் பண்ணி எத்தனை நிமிஷம், ஏற்றமா சமமா, எந்த கியர், மழையா வெயிலா, ஏர்கோன் ஓடியதா, கடைசியாக எப்போது பெட்ரோல் ஊற்றினீர்கள். உங்கள் காடி ஓபிடி-2 பேசினால் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பதிவு இருக்கும், கோட் விழுந்த நொடியில் வேகம், சூடு, எஞ்சின் சுமை எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடும். அழிப்பதற்கு முன் அதைப் படம் பிடித்து வையுங்கள், அழித்தால் அதுவும் போய்விடும். எனக்கு அந்த வசதி இல்லை, 555தான். நான்காவது தடவை எழுதும்போதுதான் மேலே உள்ள மூன்று வரியைப் பார்த்தேன்: ஏற்றம், ஏற்றம், ஏற்றம். கோலாலம்பூர் எம்ஆர்ஆர்2 சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தாலும் எரியாத லைட், ஏற்றத்தில் மட்டும் எரிகிறது. இது ஒரு வரி. இந்த வரிக்காகத்தான் நானூறு வெள்ளி செலவழித்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

பகுதி மாற்றுவதற்கு முன் காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியவை சில. மினியாக் ஈத்தாம், அதாவது எஞ்சின் எண்ணெயின் அளவு, அதுதான் முதல். இந்த எஞ்சின் 1794 சிசி 1இசட்இசட்-எஃப்இ, இதன் முதல் சில வருஷத்து எஞ்சின்கள் எண்ணெய் குடிக்கும் என்பது இதை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும், பிஸ்டனில் எண்ணெய் திரும்பி வடிய வேண்டிய துளைகள் அடைத்துக்கொள்வதால் வருவது. எண்ணெய் குறைந்தால் லைட் வேறு விதமாகவும் எரியும்: வால்வு நேரத்தை மாற்றுகிற விவிடி-ஐ எண்ணெய் அழுத்தத்தில்தான் ஓடுகிறது, அது ஒழுங்காக ஓடாவிட்டால் பி1349. அந்தக் கோட் வந்தால் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், அப்புறம் எண்ணெய்க் கட்டுப்பாட்டு வால்வுக்கு முன்னால் இருக்கிற குட்டி வலை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள், அப்புறம்தான் வால்வை வாங்கப் போங்கள்.

பேட்டரியும் அப்படித்தான். எஞ்சின் ஓடும்போது 13.8இலிருந்து 14.4 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று நான்கு கோட் ஒரே நாளில் வந்தால் சென்சர்களைச் சந்தேகிக்காதீர்கள், பேட்டரியையும் பாடியோடு இணைகிற எர்த் ஒயர்களையும் சந்தேகப்படுங்கள்.

பெட்ரோல் மூடியை இறுக்கினால் லைட் போய்விடும் என்று இணையத்தில் எங்கே பார்த்தாலும் சொல்வார்கள். அது அமெரிக்கக் காடிக்கு உண்மை. அங்கே டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று கம்ப்யூட்டரே சோதிக்க வேண்டும் என்று விதி. நம்மிடம் வந்த இந்தக் காலத்து ஜப்பான், ஐரோப்பியக் காடிகளில் பெரும்பாலும் அந்தச் சோதனையே கிடையாது. மூடியை இறுக்குங்கள், தப்பில்லை, ஆனால் அதை ஒரு வைத்தியமாக நம்பிக்கொண்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் முன்னாள் சொந்தக்காரர் என்னென்ன அறுவை சிகிச்சை செய்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் காடி என்றாலே யாரோ ஒருவர் கை வைத்திருப்பார். கேட்டலிட்டிக்கை எடுத்துவிட்டு நேர் குழாய் போட்டிருந்தால், கேட்டலிட்டிக் வேலை செய்யவில்லை என்கிற பி0420 காலம் முழுக்க வரும், நீங்கள் எந்த சென்சர் மாற்றினாலும் வரும். எண்ணெய் தடவிய ஓபன் பாட் ஃபில்டர் போட்டிருந்தால் அந்த எண்ணெய் மெல்ல மெல்ல ஏர் ஃப்ளோ சென்சரின் மயிரிழைக் கம்பியில் போய் ஒட்டும், அது காற்றைக் குறைவாகக் கணக்குக் காட்டும். அந்தக் கம்பிக்கென்றே ஒரு ஸ்ப்ரே விற்கிறார்கள், அதை மட்டும் அடியுங்கள், கார்புரேட்டர் ஸ்ப்ரே வேண்டாம், பஞ்சு, துணி, டூத்பிரஷ் எதுவும் வேண்டாம், காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

நம்ம ஊரில் நடக்கிற ஒரு சிகிச்சை, எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிவது. நான் காடி வாங்கிய புதிதில் ஒரு பட்டறையில் ஹோஸ் மாற்றக் கொடுத்தேன், திரும்ப எடுக்கும்போது அந்த அண்ணன் சர்வசாதாரணமாகச் சொன்னார்: "தெர்மோஸ்டாட்டையும் கழட்டிட்டேன் தம்பி. இந்த ஊர்ல அது எதுக்கு, குளிருதா என்ன?" அவருக்கு நல்ல எண்ணம்தான், எஞ்சின் சூடாகக் கூடாதாம். ஆனால் இந்த எஞ்சினின் தெர்மோஸ்டாட் 80 பாகைக்கு மேல்தான் திறக்கும், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால், நடுவே தண்ணீர் போய்வரும் நீளமான குழாய்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் இரவில் நெடுஞ்சாலையில் போனால் தண்ணீர் 70க்குக் கீழே இறங்கிவிடும், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட ஊற்றும், பெட்ரோல் செலவு ஏறும், சில காடிகளில் அதற்கே பி0128 என்று லைட்டும் வரும். புதிது வாங்கிப் போட்டேன். உங்கள் காடியில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி பி0171ஐத் துரத்துவது. இங்கேதான் ஸ்கேனரின் நேரலை எண்கள் தேவை. ஃப்யூல் டிரிம் என்று இரண்டு எண் இருக்கும், குறுகிய கால டிரிம், நீண்ட கால டிரிம். கம்ப்யூட்டர் தன் கணக்கை விட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பது அது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 10க்குள் கூடக் குறைய இருந்தால் பழைய காடிக்கு அது ஆரோக்கியம். கூட்டல் 20ஐத் தாண்டினால் எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது, அல்லது பெட்ரோல் வர வேண்டிய அளவு வரவில்லை. எது என்று தெரிந்துகொள்ள, எண்ணை மூன்று நிலையில் பார்க்க வேண்டும்: சும்மா நின்று ஓடும்போது, நின்றபடியே 2500 சுற்றில், ஏற்றத்தில் சுமையோடு.

நின்று ஓடும்போது எண் அதிகமாக இருந்து, 2500இல் இறங்கி நல்ல பிள்ளை ஆகிவிட்டால் த்ராட்டிலுக்கு (மிதிக்கும்போது திறந்து காற்றை விடும் வால்வு) பின்னால் வேக்கம் ஒழுக்கு. அங்கே உறிஞ்சல் அதிகம், நுழைகிற மொத்தக் காற்று கொஞ்சம், அதனால் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். இன்டேக் கேஸ்கெட், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி குழாய், அப்புறம் பிரேக் பூஸ்டர் குழாய். கடைசியாகச் சொன்னதை எம்ஆர்-எஸ்காரர்கள் மறக்க வேண்டாம், பூஸ்டர் முன்னால் எஞ்சின் பின்னால் என்பதால் அந்த வேக்கம் வழி காடியின் நீளத்துக்கு ஓடுகிறது. எஞ்சின் நின்று ஓடும்போது பிரேக்கை அழுத்தி அழுத்தி விடுங்கள், எஞ்சின் சத்தம் மாறினால் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள்.

நிற்கும்போது நன்றாக இருந்து சுமையில் மட்டும் ஏறினால் சந்தேகப் பட்டியல் வேறு: பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், ஏர் ஃப்ளோ சென்சர் அழுக்காக இருக்கலாம், அல்லது சென்சருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள குழாய் சுமையில் மட்டும் வாய் திறக்கலாம்.

என் 555 சொன்னது இரண்டாவது வகை. செந்தூலில் எனக்குத் தெரிந்த இன்னொரு ஃபோர்மன் அண்ணன் இருக்கிறார், அவரிடம் ஜப்பான் மெனு ஸ்கேனர் உண்டு. ஞாயிறு காலை ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து, ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னேன். பட்டறை வாசலில் எண் 4. 2500இல் 5. "உன் காடிக்கு ஒன்னுமே இல்லயேப்பா" என்றார். கோம்பாக் டோல் தாண்டி ஏற்றம் தொடங்கியது. நான் வழக்கம் போல அடியோடு மிதித்தேன்.

"அப்படி மிதிக்காதே தம்பி, எண்ணே அசையல. பாதி மிதி."

முழுக்க மிதித்தால் கம்ப்யூட்டர் ஓ2 சென்சரைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தன் கணக்குப்படி கெட்டியாகப் பெட்ரோல் ஊற்றும், டிரிம் எண் அசையாமல் நிற்கும். இது எனக்கு அதுவரை தெரியாது. நான்காவது கியரில், பாதி மிதியில், ஒரே சீராக ஏறினோம். அவர் வாசித்துக்கொண்டே வந்தார்: ஒன்பது, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்து மூன்று, இருபத்தேழு. செம்பாவில் சாலை சமமானதும் எண் இறங்கத் தொடங்கியது. லைட் எரியாமலேயே கோளாறு பிடிபட்டுவிட்டது, அதுதான் நேரலை எண்ணின் அருமை.

பம்ப் என்றால் பெட்ரோல் அழுத்தம் பார்க்க வேண்டும், இந்த எஞ்சினுக்கு 300 முதல் 350 கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும், சுமையிலும் விழக் கூடாது. அவர் கேஜ் மாட்டிப் பார்த்தார், நன்றாகவே இருந்தது. ஏர் ஃப்ளோ சென்சரை நான் ஏற்கெனவே கழுவியிருந்தேன். மிச்சம் குழாய்.

குழாயை நான் அதற்கு முன்னால் மூன்று தடவை டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். கருப்பு ரப்பர், ஆர்மோனியப் பெட்டித் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக, மேலே தூசு, வேறொன்றும் தெரியாது. அண்ணன் பார்க்கவே இல்லை, தடவினார். இரண்டு கையாலும் பிடித்துத் துணி பிழிகிற மாதிரி லேசாக முறுக்கி, அடிப்பக்க மடிப்புகளின் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிக்கொண்டே போனார். மூன்றாவது பள்ளத்தில் நகம் உள்ளே போனது. விட்டால் வெடிப்பு மூடிக்கொள்கிறது, கோடு கூடத் தெரியவில்லை. முறுக்கினால் உள்ளே ரப்பரின் வேறு நிறம் தெரிகிறது, பழுப்பும் சாம்பலுமாக.

அது ஏன் ஏற்றத்தில் மட்டும் திறக்கிறது என்பதையும் காட்டினார். நீங்களும் செய்து பார்க்கலாம், ஆனால் ஜாக்கிரதையாக: சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்தபடி, முதல் கியரில் கிளட்சைக் கால்வாசி விடச் சொல்லி, இன்னொருவர் காடிக்குப் பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பார்க்க வேண்டும். காடிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சினைப் பாடியோடு பிடித்திருக்கும் ரப்பர் மவுண்டிங் நன்றாக இருந்தால் எஞ்சின் லேசாகத்தான் அசையும். என்னுடையது தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி சாய்ந்தது. எஞ்சின் சாய, குழாயின் ஒரு முனை இழுபட, மடிப்பு விரிய, வெடிப்பு வாய் திறந்தது. கிளட்சை மிதித்ததும் மூடிக்கொண்டது. ஆக இரண்டு கோளாறு: குழாய், அதை இழுத்த மவுண்டிங். குழாயை மட்டும் மாற்றியிருந்தால் புதுக் குழாயும் ஒரு வருஷத்தில் அதே பள்ளத்தில் வெடித்திருக்கும்.

இந்த வழி உங்களுக்குச் சரிப்படாவிட்டால் புகைச் சோதனை செய்கிற பட்டறையில் கொடுங்கள், இன்டேக்கில் புகையைச் செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். சொல்லும்போது ‘எஞ்சினைக் கையால் அசைத்தபடி பாருங்கள்’ என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் என் குழாய் மாதிரி ஆட்கள் புகைக்கும் தப்பிவிடுவார்கள். எஞ்சின் ஓடும்போது பெட்ரோலையோ கார்புரேட்டர் ஸ்ப்ரேயையோ குழாய் மேல் அடித்துப் பார்க்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சூடான எக்சாஸ்ட் ஒரு முழத் தூரத்தில் இருக்கிற இந்த எஞ்சின் அறையில் அதைச் செய்யாதீர்கள்.

வெடிப்பைக் கண்டதும் கடைக்கு ஓடவில்லை. தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற சிலிக்கான் டேப்பை இழுத்து மூன்று சுற்று சுற்றிவிட்டு மறுபடி அதே ஏற்றத்துக்குப் போனோம். எண் 8க்கு மேல் ஏறவில்லை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்: எதையும் வாங்குவதற்கு முன் அதுதான் என்று இரண்டு வெள்ளி செலவில் நிரூபிக்க முடியுமா என்று யோசியுங்கள். பெரும்பாலும் முடியும். இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்கிற மிஸ்ஃபயர் கோட் பி0302 வந்தால், ப்ளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலை உடனே வாங்காதீர்கள், இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றாவதில் மாட்டி ஓட்டுங்கள். கோட் பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி, பி0302ஆகவே நின்றால் ப்ளக், இன்ஜெக்டர் பக்கம் போகலாம். காயிலைத் தூக்கும்போது ப்ளக் குழியில் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், வால்வு கவர் கேஸ்கெட் தளர்ந்தால் அங்கே இறங்கும், காயிலின் ரப்பர் ஊறிக் கெடும். சாயங்கால மழைக்கு மறுநாள் மட்டும் மிஸ்ஃபயர் வந்தால் காயில் ரப்பரில் கீறல், அதையும் 555 காட்டிக் கொடுக்கும்.

பி0420க்கு மட்டும் இந்த நிதானம் கூடாது. இந்தக் காடியின் எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்குள்ளேயே குட்டிக் கேட்டலிட்டிக்குகள் இருக்கின்றன. எஞ்சின் எண்ணெய் குடிக்கக் குடிக்க அந்தத் தேன்கூடு உதிர ஆரம்பிக்கும், உதிர்ந்த பொடி எஞ்சினுக்குள்ளேயே திரும்ப உறிஞ்சப்பட்டு சிலிண்டரைக் கீறும், கீறினால் இன்னும் எண்ணெய் குடிக்கும். மேனிஃபோல்டில் உள்ள ஓ2 சென்சரைக் கழற்றி அந்தத் துளை வழியாக எண்டோஸ்கோப் கேமரா விட்டுப் பார்க்கலாம், மலிவாகவே கிடைக்கிறது. தேன்கூடு முழுசாக இருந்தால் நிம்மதி. ஓரம் இடிந்து கிடந்தால் அந்தக் காடியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், அங்கேயே விட்டுவிட்டு மேனிஃபோல்டு தேடுங்கள்.

பழைய காடி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவியை ஆன் செய்ததும் எஞ்சின் லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது யாரோ கழற்றியிருக்கலாம். விற்கிறவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

குழாய் புதிதாக வாங்கக் காத்திருக்க வேண்டும் என்பதால் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய காடிகளின் பாகங்களை விற்கிற ஹாஃப் கட் கடைகளுக்குப் போனேன். அங்கே கிடைப்பது உங்கள் காடியின் வயசேதான், உங்கள் குழாய் வெடித்த அதே வெயிலில் இல்லாவிட்டாலும் அதே எஞ்சின் சூட்டில் கிடந்ததுதான். காசு கொடுக்கும் முன் அங்கேயே நின்று முறுக்கி, ஒவ்வொரு பள்ளத்திலும் நகத்தை ஓட்டுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். எனக்கு முதலில் எடுத்துக் கொடுத்த இரண்டிலும் வெடிப்பு. மூன்றாவது நன்றாக இருந்தது, அதை வாங்கி, மவுண்டிங்கைப் புதிதாகப் போட்டு, அதன் பிறகுதான் ஈஎஃப்ஐ ஃபியூஸைப் பத்து விநாடிக்கு மேல் கழற்றி வைத்து கோட்டை ஆறாவது தடவையாக அழித்தேன். இரண்டு வாரம் கழித்து அண்ணனை மறுபடி பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செம்பா ஏறினேன். பாதி மிதி, நான்காவது கியர், எண் 6. இறங்கும்போது அவர் கேட்டது கூரையை மடக்க முடியுமா என்றுதான்.